உப்புப் பாதையும் இருப்புப் பாதையும்

மரக்காணம் கடற்கரையில் உப்பு விளைகிறது. வெயில் எரிக்க எரிக்கப் பாத்திகளில் வெண்மணி திரள்கிறது. அதனை வாரி வரப்போரம் குவித்து, கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து அம்பாரமிடுகிறார்கள் அளத்துத் தொழிலாளர்கள். அம்பாரங்களை லாரிகள் அள்ளிச் செல்கின்றன. உப்பு ஊர் கடந்து போகிறது. உப்பெடுத்தவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்.

இந்தக் கரையில் ஆசிரியப் பணி புரியும் நாம், ஒரு நாள் எட்டாம் வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, இருப்புப் பாதைகளைக் காட்டிக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து கோடு கிளம்புகிறது. செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று உள்நாட்டின் வழியே தெற்கே இறங்குகிறது. விழுப்புரத்திலிருந்து ஒரு கிளை கிழக்கே ஓடிப் புதுச்சேரியைத் தொட்டு நிற்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் பெரும்பகுதி வெறும் தாள். அளத்துத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்தாள். "ஐயா, நம் ஊர்ப் பக்கம் ஏன் கோடு இல்லை?" என்றாள்.

"இங்கே பாதை போடவில்லை, அதனால் இல்லை" என்றோம். அவள் உட்காரவில்லை. "யார் கேட்டால் போடுவார்கள், ஐயா?" என்றாள்.

இரயில் ஏறியறியாத பெண் அவள். ஆனால் அவள் கேட்ட இரண்டாவது கேள்வி நமக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தையே நடத்திவிட்டது. பாதை எங்கிருந்து எங்கே போகிறது என்று படித்திருக்கிறோம்; எந்த ஆண்டு திறந்தார்கள், திறந்து வைத்த துரை யார் என்றும் படித்திருக்கிறோம். யார் கேட்டதால் வந்தது என்று படித்தோமா? படித்ததில்லை. படித்ததில்லை என்பதாலேயே, இரயில் என்பது மேலிருந்து அருளப்படும் பொருள் என்று எண்ணிவிட்டோம். மழை வேண்டி வானம் பார்ப்பதுபோல, பாதை வேண்டித் தலைநகரம் பார்க்கிறோம். இந்த எண்ணம் சரிதானா? வரலாற்றைக் கேட்போம்.

சாத்தும் கால்வாயும்

கடற்கரை உப்பு உள்நாட்டுக்குச் சென்ற கதை மிகப் பழையது. சங்க நூல்கள் உமணர் என்ற உப்பு வணிகரைக் காட்டுகின்றன. எருது பூட்டிய வண்டிகளில் உப்பேற்றி, மனைவி மக்களுடன், மலையும் காடும் கடந்து சென்றவர்கள் அவர்கள். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று இன்னோர் அச்சையும் வண்டியின் கீழே கட்டிச் சென்றார்கள். தனியே சென்றால் கள்வர் பயம், பள்ளத்தில் வண்டி இறங்கினால் தூக்கிவிட ஆளில்லை. ஆகவே சாத்தாகச் சென்றார்கள். கூட்டமாகச் சேர்ந்து வழி கண்டார்கள். பாதை என்பது பலர் சேர்ந்து உண்டாக்குவது என்பதை உமணர் அன்றே அறிந்திருந்தனர்.

பிறகு வந்தது கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய நீர்வழி கொஞ்சங் கொஞ்சமாக நீண்டது. 1877–78 பெரும் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். மண் சுமந்து கால்வாயை வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அன்று ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு ஆயிற்று. அந்த நீர்வழியின் தென்கோடி நமது மரக்காணம். இங்கிருந்து உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்தும், கழி ஊன்றித் தள்ளியும் படகை நடத்தினார்கள் தொழிலாளர்கள். 1960களில் அடித்த புயல்களால் கால்வாய் சிதைந்தது. படகுப் போக்குவரத்து மங்கி மறைந்தது. மாற்று வழி என்ன என்று கரையோர மக்களை எவரும் கேட்கவில்லை; மக்களும் ஒன்றுகூடிச் சொல்லவில்லை. சாலை வந்தது, லாரி வந்தது. அத்துடன் கதை நின்றது.

கம்பெனி போட்ட கோடு

இருப்புப் பாதை எப்படி வந்தது? தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. 1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குப் பாதை வந்தது. 1874இல் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி உருவாயிற்று. அந்தப் பத்தாண்டிலேயே செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்குக்குக் கோடு நீண்டது. 1879 டிசம்பரில் விழுப்புரம்–புதுச்சேரிக் கிளை திறக்கப்பட்டது.

அன்றைய கம்பெனிகளின் முதலாளிகள் இலண்டனில் இருந்தார்கள். அவர்கள் போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்று அரசாங்கம் உறுதி கொடுத்தது. பாதையில் ஆள் ஏறினாலும் வட்டி, ஏறாவிட்டாலும் வட்டி! குறைந்தால் இட்டு நிரப்புவது இந்நாட்டு மக்கள் கட்டிய வரி. துறைமுகத்துக்குச் சரக்கு வரவேண்டும், படை விரைந்து செல்லவேண்டும், ஆலைத்துணி உள்நாட்டுச் சந்தையை எட்டவேண்டும்; இவையே கோடு போட்டவர்களின் கணக்கு. மரக்காணத்துக்குக் கால்வாய் இருக்கிறது, அது போதும் என்று விட்டார்கள் போலும். கேட்டவர்களுக்காகப் போட்ட பாதையன்று அது. புதுச்சேரிக்குக் கிளை வந்ததென்றால், அங்கே பிரெஞ்சு அரசாங்கம் இருந்தது, அது கேட்டது. கேட்க ஓர் அரசாங்கமே இருந்த ஊருக்குப் பாதை வந்தது. கேட்க நாதியற்ற கடற்கரை கால்வாயோடு நின்றது.

அப்படியானால் அரசர்களும் அரசாங்கங்களும் கேட்டால்தான் இரயில் வருமா? இல்லை என்று சொல்ல ஒரு சான்று நம் நாட்டிலேயே உண்டு.

தஞ்சை கொடுத்த பாடம்

1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். 1884இல் சென்னை மாகாணத்துக்கு உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. தஞ்சை மாவட்ட வாரியம் அந்நாளில் செய்த காரியம் இந்திய இரயில் வரலாற்றில் புதுமையானது. கம்பெனி வரட்டும் என்று காத்திராமல், மாவட்டத்தின் நிலத்தின்மீது தனி வரி ஒன்று விதித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து, தன் சொந்தப் பாதையைத் தானே அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894இல் திறக்கப்பட்டது. வண்டியை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய இரயில்வேக் கம்பெனிக்கு. பாதைக்கு உடைமையாளர் மாவட்ட வாரியம். பிறகு 1902, 1903 ஆண்டுகளில் பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் அது நீண்டது.

இந்த எடுத்துக்காட்டு பரவியது. கோவை மாவட்ட வாரியம் 1915இல் போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையைக் கண்டது. திருநெல்வேலி மாவட்ட வாரியத்தின் முயற்சியில் 1923இல் திருச்செந்தூருக்குப் பாதை வந்தது. முருகன் திருவருளால் வந்த இரயில் என்று அங்கே யாராவது சொன்னால், மாவட்ட வாரியத்தின் வரவு செலவுக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள், தோழர்களே! தண்டவாளம் இரும்பால் ஆனது. இரும்பு பணத்தால் வந்தது. பணம் உழவர் கட்டிய வரியால் வந்தது.

புகழ்வதோடு நின்றுவிட்டால் நாம் வரலாறு எழுதுகிறவர்கள் ஆகமாட்டோம். அந்த வாரியம் யாருடைய வாரியம்? தலைமை நாற்காலியில் இருந்தவர் வெள்ளைக்காரக் கலெக்டர். சுற்றி அமர்ந்தவர்கள் பெருநிலக்கிழார்களும் வக்கீல்களும். நாற்று நட்டவள் அந்தச் சபையில் இல்லை. களத்தில் நெல் அடித்தவன் இல்லை. வரி நிலத்தின்மீது விழுந்தது. நிலத்துக்கு உடையவன் அதைத் தன் மடியிலிருந்தா கட்டினான்? குத்தகையில் ஏற்றினான், கூலியில் இறக்கினான். எனவே பாதைக்குப் பணம் தந்தவர்களில் பெரும்பாலோர் பாதை எங்கே போகவேண்டும் என்று சொல்ல வாயற்றவர்கள். ஆயினும் ஒரு பேருண்மை அங்கே நிலைநாட்டப்பட்டது. ஒரு மாவட்டத்து மக்கள் சேர்ந்து நின்றால் இலண்டன் முதலாளி வராமலேயே இரயில் வரும். இந்த உண்மையை எடுத்துக்கொள்வோம். அந்தச் சபையில் விடுபட்ட ஆட்களையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஏறிய பின்னும் ஒரு போர்

பாதை வந்துவிட்டால் போதுமா? வண்டியில் யாருக்கு இடம், எத்தகைய இடம் என்பது அடுத்த கேள்வி.

இரயில் பிறந்த இங்கிலாந்திலேயே ஏழைப் பயணியைச் சரக்குபோல் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. 1841 டிசம்பர் 24ஆம் நாள், சானிங் என்ற இடத்தில் மண் சரிந்து ஒரு வண்டி தடம் புரண்டது. கூரையில்லாத திறந்த பெட்டிகளில் பயணம் செய்த தொழிலாளர் ஒன்பது பேர் மாண்டனர். நாட்டில் கண்டனம் எழுந்தது. 1844இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் இரு திசையிலும் ஒரு வண்டியாவது எல்லா நிலையங்களிலும் நின்று செல்லுமாறு விடவேண்டும். பெட்டிக்குக் கூரை வேண்டும், இருக்கை வேண்டும். மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறையாத வேகம் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் கூடாது. எல்லா ஊரிலும் நின்று, குறைந்த கட்டணத்தில் செல்லும் வண்டி ஏழையின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. இன்று பாசஞ்சர் வண்டி என்று நாம் அழைப்பது அந்த எண்ணத்தின் வழித்தோன்றல். வண்டிக்குச் 'சிறப்பு விரைவு' என்று பெயர் சூட்டிக் கட்டணத்தை ஏற்றி, சிற்றூர் நிலையங்களைத் தாண்டி ஓட்டும்போது நாம் இழப்பது எது என்பதை இந்தச் சட்டம் நமக்கு நினைவூட்டும்.

நம் நாட்டிலோ ஏழ்மையோடு சாதியும் வண்டி ஏறியது. உயர்ந்த சாதியார் மற்றவரோடு ஒரே பலகையில் உட்காரமாட்டார்கள், ஆகவே இந்தியாவில் இரயில் ஓடாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஓடியது! மூன்றாம் வகுப்புப் பலகை சாத்திரம் பார்க்கவில்லை. இடம் பிடித்தவன் உட்கார்ந்தான். வண்டியில் தோற்ற சாதி, நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் போய் ஒளிந்துகொண்டது. பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று பலகை தொங்கியது. ஒரே பயணச்சீட்டு, ஒரே தண்டவாளம், ஒரே புகை. சாப்பிட மட்டும் இரண்டு இடம்! பெரியாரும் நீதிக்கட்சித் தோழர்களும் தொடர்ந்து போராடினர். 1941இல் அந்தப் பலகைகள் அகன்றன. கட்டணம் கொடுத்தவன் அனைவரும் சமம் என்ற எளிய உண்மைகூடக் கூட்டமாய்க் கேட்ட பிறகே நம் நிலையங்களுக்குள் நுழைந்தது. நிருவாகத்துக்கு மனச்சான்று தானாகவே விழித்துக்கொண்டதாக வரலாறு இல்லை.

தூங்கிய பாதை, எழுப்பிய மக்கள்

தஞ்சை வாரியத்தார் போட்ட பாதைக்குத் திரும்புவோம். 1944இல் தென்னிந்திய இரயில்வே அரசின் உடைமையாயிற்று. 1951இல் தென்னக இரயில்வே பிறந்தது. மாவட்ட வாரியங்கள் மறைந்தன. அறந்தாங்கியோடு நின்றிருந்த பாதை காரைக்குடியோடு இணைந்தது. கம்பன் விரைவு வண்டி சென்னையிலிருந்து அந்த வழியே சென்றது. பின்னர் மீட்டர் பாதையை அகலப்பாதையாக்கும் காலம் வந்தது. 2012இல் திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் வண்டிகள் நின்றன. மாதங்கள் ஆண்டுகளாயின. நிலையங்களில் புல் முளைத்தது. பாட்டன் வரி கட்டிப் போட்ட பாதையின் ஓரத்தில் பேரன் பேருந்துக்குக் காத்து நின்றான்.

அப்போது விழித்தவர்கள் யார்? திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி போன்ற ஊர்களின் பயணியர் சங்கங்களும் வணிகர்களும் பொதுமக்களும். ஒவ்வோர் ஊரும் தனக்கு மட்டும் கேட்டிருந்தால் ஓர் ஊருக்கும் கிடைத்திராது. பாதை ஒன்று, ஊர்கள் பல. ஒரே தடத்தின் மேல் நிற்கிறோம் என்ற உணர்வு அவர்களைச் சேர்த்தது. மனு, கூட்டம், ஆர்ப்பாட்டம், நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்தல், அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது நிலையத்திலேயே நின்று கோரிக்கை தருதல் என்று சலிக்காமல் செய்தார்கள். 2019 ஜூன் மாதம் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை, 149 கிலோமீட்டர், மீண்டும் வண்டி ஓடியது.

வெற்றி என்று முரசு கொட்டினார்களா? கொட்ட முடியவில்லை. வழியெங்கும் கடவுப்பாதைகளில் கதவு காக்க ஆட்கள் இல்லை. வண்டியிலேயே கதவுக்காரர்களை ஏற்றிச் சென்றார்கள். ஒவ்வொரு கடவுப்பாதையிலும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கதவை மூடுவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல்! 'வண்டி விட்டோம், ஆள் ஏறவில்லை, நிறுத்திவிட்டோம்' என்று கணக்கெழுத இதைவிட வசதியான வழி ஏது?

சங்கத்தார் இந்தப் பொறியை உணர்ந்தார்கள். வண்டி வந்ததும் கலைந்து போயிருந்தால் பாதை மறுபடி தூங்கியிருக்கும். அவர்கள் கலையவில்லை, கதவுக்கு ஆள் போடு என்று கேட்டார்கள். 2020இல் பெருந்தொற்றால் நின்ற வண்டியை மீண்டும் விடு என்று கேட்டார்கள். வேகத்தைக் கூட்டு, சென்னைக்கு வண்டி விடு என்று கேட்டார்கள். கதவுக்காரர்கள் நியமிக்கப்பட்டனர், பயண நேரம் குறைந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு வண்டி அந்தத் தடத்தின் வழியே ஓடத் தொடங்கியது. பாதை பெறுவது பாதி வேலை. பெற்ற பாதையில் பயனுள்ள வண்டி ஓடச் செய்வது மறுபாதி. இதுவே பட்டுக்கோட்டைப் பகுதி மக்கள் நமக்குச் சொல்லும் செய்தி.

எல்லா ஊரும் வென்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் திறந்த சிறு பாதை ஒன்று இருந்தது. வருவாய் போதவில்லை என்று 1986இல் மூடினார்கள். மூடியதைத் திறக்கும்படி அந்த வட்டார மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். மூடுவதற்கு ஓர் ஆணை போதும். திறப்பதற்கு ஒரு தலைமுறை போதவில்லை. ஓடும்போதே காப்பது எளிது என்பது தரங்கம்பாடியின் பாடம்.

அப்படிக் காத்த கதை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 1963இல் பீச்சிங் என்பவர் தந்த அறிக்கை, ஆதாயமில்லை என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. ஊர் ஊராகப் பாதைகள் மறைந்தன. 1980களில் வடக்கே செட்டில்–கார்லைல் என்ற மலைப்பாதையையும் மூட முனைந்தார்கள். மக்கள் 'செட்டில்–கார்லைல் நண்பர்கள்' என்று சங்கம் அமைத்தனர். உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்தன, மலையேறுவோர் சேர்ந்தனர், எதிர்ப்பு மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றுள் ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் ஒரு நாயின் பாதச்சுவடு! அந்த நாட்டில் அந்நாளில் நாய்க்கும் பயணச்சீட்டு உண்டு. ஆகவே கட்டணம் செலுத்திய பயணி என்று அதன் எதிர்ப்பும் ஏற்கப்பட்டது. 1989இல் அரசு பணிந்தது, பாதை பிழைத்தது. நாய்க்கு இருந்த நாட்டம் நமக்கு இல்லையா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வதில் குற்றமில்லை.

ஆயிரம் ரூபாய்ப் பாதை

இனி மரக்காணம். கடலோரத்துக்கு ஒரு கோடு தாளில் வரையப்படாமல் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறத்தாழ 179 கிலோமீட்டர் புதுப்பாதை 2008–09ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. ஒப்புதல் வந்த செய்தியில் மகிழ்ந்தோம், இனிப்பும் வழங்கினோம். பிறகு? 2020–21ஆம் ஆண்டில் இந்தப் பாதைக்கென்று ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். கோடியில் ஆயிரமன்று, இலட்சத்தில் ஆயிரமன்று, வெறும் ஆயிரம்! திட்டம் சாகவில்லை என்று காட்டக் கணக்கேட்டில் வைக்கும் புள்ளி அது. நம் ஊர்த் தொழிலாளியிடம் ஆயிரம் ரூபாயைக் கொடுத்துச் சென்னை வரை தண்டவாளம் போடச் சொன்னால் சிரிப்பார். நாடாளும் மன்றத்தில் சிரிக்காமல் வாசித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் எண்கள் மாறின; மரக்காணத்தில் தண்டவாளம் மட்டும் முளைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகவேண்டிய பாதையும் 2006–07இல் ஒப்புதல் பெற்று இப்படியே இழுபட்டது. ஆக, நாம் தனித்து நிற்கவில்லை. நம்மைப்போல் ஏமாந்த ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் நம் தோழர்கள்.

என்ன செய்யலாம்? முதலில் எண்ணுவோம். புதுப்பாதை பற்றி ஆராயும்போது இரயில்வே இரண்டு கணக்குகள் பார்க்கிறது: போட எவ்வளவு செலவு, போட்டபின் எவ்வளவு போக்குவரத்து. முதற் கணக்கைப் பொறியாளர் தருவார். இரண்டாவதை நாமும் எடுக்கலாம். விடியலில் பேருந்தேறிப் புதுச்சேரிக்கு வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? ஜிப்மர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோர் எத்தனை குடும்பம்? கல்லூரிக்குத் திண்டிவனம் செல்லும் மாணவர் எத்தனை பேர்? லாரியில் போகும் உப்பு எத்தனை டன்? மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கையில் கூலி தேடிச் சென்னை செல்வோர் எத்தனை பேர்? ஊருக்கு நான்கு இளைஞர் நோட்டும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தங்களில் ஒரு மாதம் நின்றால் இந்தக் கணக்கு கையில் வரும். கண்ணீர் வடிக்கும் மனுவைக் கோப்பில் கட்டிவிடலாம். கணக்கோடு வரும் மனுவுக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

இரண்டாவது, சேர்வோம். மாமல்லபுரம், கூவத்தூர், மரக்காணம், புதுச்சேரி, கடலூர் என்று தடம் முழுவதும் ஊருக்கொரு பயணியர் சங்கம், எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டமைப்பு. 'என் ஊரில் நிலையம்' என்று தொடங்கினால் நாமே நமக்குள் மோதிக்கொள்வோம். 'நம் கரைக்குப் பாதை' என்று தொடங்கவேண்டும். இரயில்வேக் கோட்டந்தோறும் பயனீட்டாளர் ஆலோசனைக் குழு உண்டு. அங்கே நம் குரல் செல்லவேண்டும். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்று கேட்டு வாங்கி, ஊர் நடுவே பலகையில் எழுதிவைக்கவேண்டும்.

மூன்றாவது, சங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். தஞ்சை வாரியத்தின் குறை நம் சங்கத்தில் வரக்கூடாது. அள உரிமையாளரும் கடைக்காரரும் ஓய்வுபெற்ற அலுவலரும் மட்டும் நாற்காலி போட்டு அமர்ந்தால், அது சிலருடைய சங்கம். உப்பு வாரும் பெண் அதில் வேண்டும். அவள் காலில் உள்ள வெடிப்புக்கு எந்த ஊர் மருத்துவரிடம் போகிறாள், எத்தனை பேருந்து மாறுகிறாள் என்று அவளே சொல்லவேண்டும். மீனவர் வேண்டும், கூடைக்கு இடம் தரும் பெட்டி வேண்டுமென்று அவர் கேட்கவேண்டும். சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் வருவோர் ஒரே பாயில் அமரவேண்டும். சங்கக் கூட்டத்தில் தனித்தனியே அமர்கிறவர்கள், வண்டியில் சேர்ந்து அமரப் பாதை கேட்பது கேலிக்கூத்து.

நான்காவதாக ஒன்றுண்டு, இதைச் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாளர் அல்லர். பாதை வந்தால் நிலம் கேட்கும். உப்பளம் கேட்கலாம், குடியிருப்பு கேட்கலாம். மரக்காணத்தை அடுத்துள்ள கழுவேலி நீர்நிலை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைநீர் தங்கி வடியும் பள்ளம் அது. அதன் குறுக்கே கண்மூடித்தனமாக மண்மேடு போட்டால் வெள்ளம் வீடு தேடி வரும். எனவே வரைபடத்தைத் தீட்டும்போதே மக்கள் சங்கம் அருகில் நிற்கவேண்டும். எந்த வழியில் போனால் குறைந்த வீடு போகும், எங்கே பாலம் வேண்டும், நிலம் இழப்போருக்கும் அளத்தில் கூலி இழப்போருக்கும் ஈடு என்ன என்று முன்னதாகவே கேட்கவேண்டும். 'வந்தால் போதும்' என்று கும்பிட்டு நிற்பவனுக்கு வருவது எதுவோ அதுதான் கிடைக்கும். உரிமையோடு கேட்பவனுக்கே வேண்டியது கிடைக்கும்.

அந்தச் சிறுமிக்கு விடை

எதிர்வாதம் ஒன்று காதில் விழுகிறது. கடற்கரைச் சாலை அகலமாகிவிட்டதே, பேருந்து இருக்கிறதே, இரயில் எதற்கு என்கிறார்கள். சாலையில் காரோட்டிச் செல்பவருக்கு அந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றலாம். பேருந்துக் கட்டணத்தைவிடப் பாசஞ்சர் கட்டணம் குறைவு. அந்த வேறுபாடு நாட்கூலி பெறுபவர் வீட்டில் அடுப்பெரியும் வேறுபாடு. நோயாளி படுத்துச் செல்ல இடம், கைக்குழந்தைக்காரி அமர்ந்து செல்ல இடம், பெண்பிள்ளை அச்சமின்றிக் கல்லூரி சென்று இரவுக்குள் திரும்ப ஒரு வழி, இவ்வளவும் அந்த ஒரு வண்டியில் அடங்கியிருக்கின்றன.

நாம் பெருங்கனவு எதையும் விற்கவில்லை. நாளையே வண்டி வரும் என்று சொல்லவில்லை. தஞ்சையில் வரி கட்டியவர் கண்ட பயனையும், பட்டுக்கோட்டையில் விடாது நின்றவர் பெற்ற வெற்றியையும், தரங்கம்பாடியில் இன்னும் தீராத ஏக்கத்தையும் எடுத்துவைத்தோம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

மறுநாள் வகுப்பில் அவளிடம் சொன்னோம்: "யார் கேட்டால் போடுவார்கள் என்றாயே, ஒருவர் கேட்டால் போடமாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து, கணக்கோடு, கலையாமல் கேட்டால் போடுவார்கள்."

அவள் சற்றே யோசித்தாள். "அப்படியானால் எப்போது கேட்கப் போகிறோம், ஐயா?" என்றாள்.

வகுப்பு முடியும் மணி அடித்துவிட்டது. அவள் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு நம் ஒருவருக்கு மட்டுமன்று. தோழர்களே, வரும் ஞாயிறு மாலை உங்கள் ஊர் வாசகசாலையில் நான்கு பேர் கூடுங்கள். நோட்டும் எழுதுகோலும் கொண்டுவாருங்கள். எண்ணத் தொடங்குவோம்.